விலக்கும் தண்டனையும்: டெக்ஸஸின் பள்ளிச் சட்டமான ஹவுஸ் பில் 1842 வேலை செய்யும் விதம்

2023 ஜூன் 1 அன்று, ஹூஸ்டன் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஒன்பது பள்ளி அறங்காவலர்களின் அதிகாரம், மாநிலம் நியமித்த ஒன்பது பேரின் கைக்குப் போனது. ஏறத்தாழ 1,90,000 மாணவர்களும் 270-க்கும் மேற்பட்ட பள்ளிகளும் கொண்ட, டெக்ஸஸின் மிகப் பெரிய பள்ளி மாவட்டம் அது. அதன் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரையும் மாநிலக் கல்வி ஆணையரே அமர்த்தினார். இவ்வளவுக்கும் சட்டப்படி போதுமானதாக இருந்தது ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளியின் தரமதிப்பீடு. அதே சட்டத்தின் வேறொரு பகுதியைக் காட்டித்தான் டெக்ஸஸின் 900-க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் பொது விதிகள் சிலவற்றைத் தள்ளிவைக்கின்றன. ஆகஸ்ட் நடுவிலேயே பள்ளி திறக்கிறது, சான்றிதழ் இல்லாதவர் வகுப்பெடுக்கிறார், முதல் வகுப்பில் 22 பிள்ளைகளுக்கு மேல் உட்காருகிறார்கள்.

இரண்டும் 2015-இல் நிறைவேறிய ஹவுஸ் பில் 1842-இல், அதாவது மாநிலப் பிரதிநிதிகள் அவையின் 1842-ஆம் எண் மசோதாவில், இருப்பவை. ஒரு கையால் விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்த அந்தச் சட்டம், மறு கையால் தொடர்ந்து தேறாத பள்ளிகளுக்குக் கெடு வைத்தது. கேட்க நியாயமான பேரம்தான்: பள்ளியை எப்படி நடத்துவது என்பது உங்கள் விருப்பம், பிள்ளைகள் படித்தார்களா என்பதற்கு எங்களிடம் பதில் சொல்லுங்கள். பத்தாண்டு ஓடிய பின் பார்த்தால் இந்த இரு கைகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. வாங்கிய விலக்கினால் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று கணக்குக் கேட்கும் கடமையைச் சட்டம் யாருக்கும் வைக்கவில்லை. மதிப்பெண்ணுக்குக் கணக்கு உண்டு, விலக்குக்குக் கிடையாது. என் பார்வையில் சட்டத்தின் பெரிய ஓட்டை அதுதான். அதைப் புரிந்துகொள்ள முதலில் அதன் பாகங்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கல்வி மாவட்டம் என்றால் ஒரு கல்வி அலுவலரின் நிர்வாகப் பகுதி. டெக்ஸஸில் பள்ளி மாவட்டம் என்பது தனி உள்ளாட்சி அமைப்பு. பெரும்பாலும் ஏழு பேர் கொண்ட அறங்காவலர் குழுவை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழு சொத்து வரி விதிக்கிறது, கண்காணிப்பாளரை நியமிக்கிறது, ஆசிரியர்களோடு ஒப்பந்தம் போடுகிறது. இப்படி ஆயிரத்துச் சொச்சம் மாவட்டங்கள் உண்டு. சிலவற்றில் மொத்தமே சில நூறு மாணவர்கள்தான். இவற்றுக்கு மேலே டெக்ஸஸ் கல்வி முகமை. அதன் தலைவர் ஆளுநர் நியமிக்கும் ஆணையர். 2016 முதல் அந்தப் பதவியில் இருப்பவர் மைக் மொராத். வகுப்பில் எத்தனை பேர், பள்ளி எந்தத் திங்கள்கிழமைக்கு முன் திறக்கக் கூடாது, ஆசிரியரின் தகுதிகாண் காலம் எவ்வளவு என்பதுவரை மாநிலக் கல்விச் சட்டத் தொகுப்பு எழுதிவைத்திருக்கிறது. அந்தத் தொகுப்பிலிருந்து வெளியேறும் வழியைத்தான் 1842 திறந்தது.

வழி திறந்தது அதுதான் முதல் தடவை என்றில்லை. 1995-இல் சட்டத் தொகுப்பைத் திருத்தி எழுதியபோதே, 'ஹோம் ரூல்' மாவட்டம் என்ற ஏற்பாட்டைச் சட்டமன்றம் சேர்த்தது. ஒரு மாவட்டம் தனக்கென ஒரு சாசனம் எழுதிக்கொண்டு பெரும்பாலான மாநில விதிகளிலிருந்து விலகலாம். ஆனால் அந்தச் சாசனத்தைத் தேர்தலில் வைத்து நிறைவேற்ற வேண்டும். அந்தத் தேர்தலில் பதிவுபெற்ற வாக்காளர்களில் குறைந்தது 25 சதவீதம் பேர் வாக்களித்திருக்கவும் வேண்டும். பள்ளித் தேர்தலுக்குப் பத்துப் பேரில் ஒருவர் வருவதே அரிதாக இருக்கும் ஊர்களில் அது நடக்கிற காரியமா? ஒரு மாவட்டம்கூட ஹோம் ரூல் ஆகவில்லை. டாலஸில் 2014-இல் கையெழுத்து வேட்டை நடத்தி, சாசனம் எழுத ஒரு குழுவும் அமைத்தார்கள். 2015 ஜனவரியில் அந்தக் குழுவே எழுத வேண்டாம் என்று வாக்களித்துக் கலைந்தது. அதே ஆண்டு வந்த 1842-இல் பொதுத் தேர்தல் என்ற படியே இல்லை. ஒன்று இருபது ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடந்தது, மற்றது சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது என்றால் அதற்கு முதல் காரணம் இந்த ஒரு படி காணாமல் போனதுதான்.

விலக்குப் பெறும் படிகள்

புதுமை மாவட்டம், அதாவது 'டிஸ்ட்ரிக்ட் ஆஃப் இன்னவேஷன்', ஆவதற்கு ஒரே தகுதிதான்: மாவட்டத்தின் கடைசி மதிப்பீடு ஏற்கத்தக்க நிலையில் இருக்க வேண்டும். தொடங்க இரண்டு வழிகள். அறங்காவலர் குழு தீர்மானம் போடலாம், அல்லது மாவட்ட ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுக்கலாம். அதன்பின் ஒரு பொது விசாரணைக் கூட்டம். அது முடிந்து 30 நாளுக்குள் அறங்காவலர்கள் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்: வேண்டாம் என்று விடுவது, அல்லது திட்டம் எழுத ஒரு குழுவை நியமிப்பது.

திட்டத்தில் இரண்டு கட்டாயப் பாகங்கள். மாவட்டம் கொண்டுவரப்போகும் கல்வித் திட்டத்தின் விவரம் ஒன்று. அதற்குத் தடையாக இருக்கும் சட்டப் பிரிவுகளின் பட்டியல் மற்றொன்று. எழுதி முடித்த திட்டத்தை மாவட்டத்தின் இணையதளத்தில் 30 நாள் வைக்க வேண்டும், வாக்கெடுப்பு நடக்கப்போவதை ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு ஆலோசனைக் குழு பொதுக் கூட்டம் நடத்திப் பெரும்பான்மையால் ஒப்ப வேண்டும். கடைசியாக அறங்காவலர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். ஏழு பேர் குழுவானால் ஐந்து ஓட்டு. திட்டத்தின் ஆயுள் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். திருத்தவும் புதுப்பிக்கவும் இதே வாக்குகள் தேவை.

இதில் ஆணையரின் ஒப்புதல் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாவட்டம் அவருக்குத் தகவல் சொல்கிறது, அவ்வளவுதான். திட்டம் நன்றாக இருக்கிறதா, எழுதிய நோக்கத்துக்கும் கேட்ட விலக்குக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று முகமை படித்துப் பார்த்துத் தடுக்க முடியாது. மாவட்டத்தின் மதிப்பீடு தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஏற்கத்தகாததாக இருந்தால் ஆணையர் தகுதியை ரத்து செய்யலாம். மூன்று ஆண்டுகள் அப்படியானால் ரத்து செய்தே ஆக வேண்டும். அதுவும் முழு மாவட்டத்தின் மதிப்பீட்டை வைத்துத்தான், ஒரு விலக்கின் விளைவை வைத்து அல்ல.

பாதுகாப்பு என்று சொல்லத்தக்க ஒரே இடம் ஆலோசனைக் குழுவின் வாக்கு. அந்தக் குழுவில் பள்ளி ஊழியர்களோடு பெற்றோர், ஊர்க்காரர்கள், தொழில்துறையினர் இருப்பார்கள். ஊழியர் தரப்பில் தேர்ந்தெடுக்கப்படுபவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு வகுப்பறை ஆசிரியர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். குழு 'இல்லை' என்றால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். அறங்காவலர்கள் எல்லோரும் ஒருமனதாக விரும்பினாலும் பயனில்லை. ஆனால் இந்தக் குழு பல மாவட்டங்களில் ஆண்டுக்குச் சில முறை மட்டும் கூடும், யாரும் எட்டிப் பார்க்காத குழு. அறங்காவலர் கூட்டம் தொடங்கும் முன் அதே மாலையில் ஆலோசனைக் குழுவைக் கூட்டி வாக்கெடுத்துவிடவும் சட்டம் இடம் தருகிறது. முந்நூறு பக்க நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியாக அது கடந்துபோகும்.

எதிலிருந்தெல்லாம் விலக முடியாது? கூட்டாட்சிச் சட்டங்கள், மாநிலப் பாடத்திட்டம், பட்டம் பெறுவதற்கான தகுதிகள், அறங்காவலர் குழுவின் அமைப்பு, நிதி விதிகளில் முக்கியமானவை, மதிப்பீடும் அதன் தண்டனைகளும். அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சாசனப் பள்ளிகளுக்கு (சார்ட்டர் பள்ளிகள்) எந்த விதி பொருந்துமோ அது புதுமை மாவட்டத்துக்கும் பொருந்தும். சாசனப் பள்ளிகளோடு போட்டியிடும் பொதுப் பள்ளிகளுக்கும் அதே அளவு சுதந்திரம் வேண்டும் என்ற வாதத்தில் பிறந்த ஏற்பாடு இது என்பதால் எல்லைக்கோடும் அங்கேயே விழுந்தது.

கேட்டதும் கிடைத்ததும்

வெவ்வேறு மாவட்டங்களின் திட்டங்களை அருகருகே வைத்துப் படித்தால் பத்திக்குப் பத்தி ஒரே வாசகம் வருவது கண்ணில் படும். கேட்கப்பட்ட விலக்குகளும் பெரும்பாலும் அதே நாலைந்துதான்.

முதலிடம் பள்ளி திறக்கும் நாளுக்கு. ஆகஸ்டின் நான்காம் திங்கள்கிழமைக்கு முன் பள்ளி திறக்கக் கூடாது என்ற விதி 2006-இல் வந்தது. கோடை விடுமுறை சுருங்கினால் சுற்றுலாத் தொழில் அடிபடும் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. விலக்குப் பெற்ற மாவட்டங்கள் இரண்டு வாரம் முன்னதாகத் திறந்து, முதல் பருவத் தேர்வைக் கிறிஸ்துமஸுக்கு முன் முடிக்கின்றன. இதில் உண்மையான நன்மை உண்டு. விடுமுறையில் மறந்துபோன பாடத்தை ஜனவரியில் மீண்டும் தோண்ட வேண்டியதில்லை. உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து படிக்கும் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இரண்டு நாட்காட்டிகளும் பொருந்திவரும்.

நாட்காட்டியோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. அதே 2015-இல் வேறொரு சட்டம், ஆண்டுக்கு 180 நாள் என்ற விதியை எடுத்துவிட்டு 75,600 நிமிடம் என்று வைத்தது. 180 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 420 நிமிடம், ஏழு மணி நேரம். 150 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 504 நிமிடம், எட்டு மணி 24 நிமிடம். பள்ளியை முன்னதாகத் திறந்து ஒவ்வொரு நாளின் பள்ளி நேரத்தையும் நீட்டினால் வாரம் நான்கு நாள் பள்ளி நடத்திவிடலாம். சம்பளத்தில் பெரிய மாவட்டங்களோடு போட்டியிட முடியாத கிராமப்புற மாவட்டங்கள் ஆசிரியர்களை இழுக்க இந்த வழியைப் பிடித்தன. ஐந்தாம் நாள் வேலைக்குப் போகும் பெற்றோர் ஆறு வயதுப் பிள்ளையை எங்கே விடுவார்கள் என்பது திட்டத்தில் பதில் எழுதியே ஆக வேண்டிய கேள்வி அல்ல.

வகுப்பின் அளவு அடுத்தது. நான்காம் வகுப்புவரை ஒரு வகுப்பில் 22 பேருக்கு மேல் கூடாது. விலக்கு இல்லாத மாவட்டம் 23-ஆவது பிள்ளையைச் சேர்க்க வேண்டுமானால் முகமைக்கு விண்ணப்பித்து, காரணம் சொல்லி, பெற்றோருக்கும் அறிவிக்க வேண்டும். விலக்குப் பெற்ற மாவட்டத்துக்கு அந்த வேலை மிச்சம். ஆசிரியர் ஒப்பந்தம் இன்னொன்று. அண்மை எட்டு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு பணியாற்றியவர் புதிய மாவட்டத்தில் சேர்ந்தால் அவருடைய தகுதிகாண் காலம் ஓராண்டுதான் என்பது பொது விதி. விலக்கு அதை நீட்டுகிறது. தகுதிகாண் காலத்தில் இருப்பவரை ஆண்டு முடிவில் அனுப்புவது எளிது.

பெரிய சேதம் நடந்தது சான்றிதழ் விலக்கில். தொடக்கத்தில் சொல்லப்பட்ட காரணம் யாருக்கும் பொருத்தமாகவே படும். வெல்டிங், தச்சு, மருத்துவ உதவி, வாகனப் பழுது போன்ற தொழிற்பாடங்களுக்கு ஊரில் இருபது ஆண்டு அனுபவமுள்ள தொழிலாளி கிடைப்பார், ஆசிரியர் சான்றிதழோடு கிடைக்க மாட்டார். அவரை வகுப்பறைக்குக் கொண்டுவர வழி வேண்டும். பல திட்டங்கள் அந்த நோக்கத்தைத்தான் எழுதின. ஆனால் விலக்கு வேண்டிய சட்டப் பிரிவைக் குறித்தபோது பிரிவு முழுவதையுமே குறித்துவிட்டன. எழுதியது தொழிற்பாடம், திறந்தது எல்லாப் பாடமும். கொரோனாவுக்குப் பின் ஆசிரியர் பற்றாக்குறை வந்தபோது அந்தத் திறந்த கதவு வழியாக வாசிப்பும் கணிதமும் கற்பிக்கும் தொடக்கப்பள்ளி வகுப்புகளுக்கும் சான்றிதழில்லாதவர்கள் வந்தார்கள். அண்மை ஆண்டுகளில் டெக்ஸஸில் புதிதாகப் பணிக்கு எடுக்கப்பட்ட ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் சான்றிதழ் இல்லை. பள்ளியில் முன்பு எந்த வேலையும் செய்திராத அத்தகைய புதியவரிடம் படித்த பிள்ளைகள் வாசிப்பில் ஏறத்தாழ நான்கு மாதக் கற்றலையும், கணிதத்தில் மூன்று மாதக் கற்றலையும் இழந்தார்கள் என்று டெக்ஸஸ் டெக் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. முன்பே உதவியாளராகவோ மாற்று ஆசிரியராகவோ பள்ளிக்குள் இருந்தவர்களிடம் படித்தவர்களுக்கு அந்த இழப்பு இவ்வளவு இல்லை.

இதில் இன்னும் மனம் நோகச் செய்வது பெற்றோருக்கான அறிவிப்பு. சான்றிதழ் இல்லாதவர் 30 நாளுக்கு மேல் வகுப்பெடுத்தால் பெற்றோருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருந்தது. மாவட்டங்கள் அந்த அறிவிப்பிலிருந்தும் விலக்கு எடுத்துக்கொள்ள முடிந்தது. சொல்லாமல் இருப்பதில் என்ன புதுமை இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2025-இல் நிறைவேறிய ஹவுஸ் பில் 2, பள்ளிகளுக்கு 850 கோடி டாலர் ஒதுக்கியதோடு இந்தக் கதவையும் மூடத் தொடங்கியது. அடிப்படைப் பாடங்களுக்குச் சான்றிதழில்லாதவரை அமர்த்தும் உரிமை படிப்படியாக முடிவுக்கு வருகிறது. ஐந்தாம் வகுப்புவரையிலான வாசிப்பும் கணிதமும் முதலில், மற்ற பாடங்கள் பிறகு. பத்தாண்டு கழித்து வந்த திருத்தம் இது. விலக்கின் விளைவை ஆண்டுதோறும் பார்க்கும் ஏற்பாடு 2015-லேயே இருந்திருந்தால் மூன்றாம் ஆண்டே தெரிந்திருக்கும்.

கொலராடோ 2008-இல் இயற்றிய புதுமைப் பள்ளிகள் சட்டம் இதை வேறு விதமாகக் கட்டியது. அங்கே விலக்கு முதன்மையாகத் தனிப் பள்ளிக்கு. அந்தப் பள்ளியின் ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் ஒப்ப வேண்டும்; தொழிற்சங்க ஒப்பந்தத்திலிருந்து விலக வேண்டுமானால் அங்கே வேலை செய்யும் சங்க உறுப்பினர்களில் 60 சதவீதம் பேர் ரகசிய வாக்கில் ஆதரிக்க வேண்டும். பிறகு மாநிலக் கல்வி வாரியம் திட்டத்தைப் பார்க்கிறது. பிள்ளைகளின் கற்றல் குறையும் என்றோ பணக் கணக்கு உதைக்கும் என்றோ தெரிந்தால் மறுக்கலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உள்ளூர்க் குழு மறுஆய்வு செய்கிறது. அங்கும் குறைகள் உண்டு. ஆனால் அந்த விலக்கோடு வாழப்போகிறவர்கள் அதே கட்டடத்தில் வாக்களிக்கிறார்கள், ஒரு தேதியில் யாரோ திரும்பிப் பார்க்கவும் செய்கிறார்கள்.

ஐந்தாண்டுக் கெடு

இப்போது சட்டத்தின் மறு கை. அதன் அளவுகோல் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்து. 2017-இல் ஹவுஸ் பில் 22 அதை மூன்று பகுதிகளாக அமைத்தது: மாணவர் அடைவு, பள்ளியின் முன்னேற்றம், பின்தங்கிய குழுக்களின் இடைவெளி குறைதல். மாவட்டங்களுக்கு 2018 முதலும், ஒவ்வொரு பள்ளிக்கும் 2019 முதலும் எழுத்து கிடைத்தது.

தொடக்கப்பள்ளியில் மாணவர் அடைவு என்பது முழுக்க 'ஸ்டார்' என்ற மாநிலப் பொதுத் தேர்வு. மூன்று நிலைகளை எட்டியவர்களின் சதவீதங்களைக் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். முதல் நிலையை எட்டியவர்கள் 75 சதவீதம், வகுப்புக்குரிய தேர்ச்சி பெற்றவர்கள் 48, உயர்தேர்ச்சி 18 என்றால் கூட்டல் 141, வகுத்தால் 47. இந்த 47-ஐ ஒரு மாற்று அட்டவணையில் வைத்து நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணாக மாற்றுவார்கள். உயர்நிலைப் பள்ளியில் தேர்வுக்கு 40 சதவீதம், கல்லூரிக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ ஆயத்தமானவர்களின் பங்குக்கு 40, பட்டம் பெற்றவர்களின் விகிதத்துக்கு 20.

பிறகு அடைவு, முன்னேற்றம் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீத எடை. இடைவெளிப் பகுதிக்கு 30. ஒரு பள்ளிக்கு அடைவில் 68, முன்னேற்றத்தில் 81, இடைவெளியில் 74 என்று வைத்துக்கொள்வோம். 81-இன் 70 சதவீதம் 56.7, 74-இன் 30 சதவீதம் 22.2. மொத்தம் 78.9, முழுதாக்கினால் 79. எண்பதுக்குக் கீழே என்பதால் 'சி'. 90-க்கு மேல் ஏ, 80-க்கு மேல் பி, 70-க்கு மேல் சி, 60-க்கு மேல் டி, அதற்குக் கீழே எஃப். ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி, அடைவில் பின்தங்கியிருந்தாலும் ஆண்டுக்காண்டு முன்னேறினால் அதன் உழைப்பு இந்தக் கணக்கில் தெரியும். அமெரிக்க மாநிலங்களின் பல மதிப்பீட்டு முறைகளைவிட இது நியாயமானது என்றே சொல்வேன்.

சிக்கல் மாற்று அட்டவணையில் இருக்கிறது, ஏனென்றால் அதை மாற்றுவது ஆணையர். 2023-இல், உயர்நிலைப் பள்ளி ஆயத்தப் பகுதியில் ஏ பெறத் தேவையான அளவை 60-இலிருந்து 88-க்கு உயர்த்தினார். அளவை உயர்த்துவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பகுதி ஓராண்டு பின்தங்கிய தரவில் ஓடுவது. 2023 மதிப்பீட்டில் எண்ணப்பட்டவர்கள் 2022-இலேயே படிப்பை முடித்துப் போனவர்கள். புதிய அளவு அறிவிக்கப்பட்ட பின் அவர்களுக்காகப் பள்ளி செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. எந்த அளவில் மதிப்பிடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற சட்டப் பிரிவைக் காட்டி நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் வழக்குப் போட்டன. கீழ் நீதிமன்றம் தடுத்தது. மேல்முறையீட்டில் அந்தத் தடை போனது. 2023-இன் எழுத்துகள் 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தன. 2024-க்கும் தனி வழக்கு வந்து, 2024, 2025 இரண்டும் ஒன்றாக 2025 ஆகஸ்டில் வந்தன. ஒரு பள்ளியின் நிலையைப் பெற்றோருக்கு உடனே சொல்லத்தான் எழுத்து என்றார்கள். மூன்றாண்டு எழுத்துகள் ஆறே மாதத்துக்குள் வந்து விழுந்தன.

இந்த எழுத்தை வைத்துத்தான் கெடு ஓடுகிறது. ஒரு பள்ளி ஓராண்டு தேறாவிட்டால் மேம்பாட்டுத் திட்டம் எழுத வேண்டும். தொடர்ந்து இரண்டாம் ஆண்டும் தேறாவிட்டால் பள்ளியை அடியோடு திருப்பும் திட்டத்துக்கு ஆணையர் உத்தரவிடுகிறார். அந்த உத்தரவுக்குப் பின் மேலும் மூன்று ஆண்டு தேறாவிட்டால் அவருக்கு விருப்பத் தேர்வு இல்லை: அந்தப் பள்ளியை மூட வேண்டும், அல்லது மாவட்டம் முழுவதன் அறங்காவலர்களையும் நீக்கி நிர்வாகக் குழுவை நியமிக்க வேண்டும். மசோதாவைக் கொண்டுவந்தவர் பிரதிநிதிகள் அவையின் பொதுக்கல்விக் குழுத் தலைவர் ஜிம்மி டான் ஏகாக். இந்தக் கட்டாயப் பிரிவைத் திருத்தமாகச் சேர்த்தவர் ஹரால்ட் டட்டன், ஹூஸ்டனைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர். அவருடைய தொகுதியிலேயே வீட்லி, காஷ்மியர் என்ற இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் ஆண்டுக்கணக்கில் தேறாமல் கிடந்தன. கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் அமெரிக்க வழிப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகளை மாவட்டம் கவனிக்காமல் விட்டால் மாவட்டமே பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

2019-இல் வீட்லி தொடர்ந்து ஏழாவது முறை தேறவில்லை. அந்த நவம்பரில் மொராத் கையகப்படுத்தலை அறிவித்தார். வீட்லியோடு வேறு இரண்டு காரணங்களையும் சொன்னார்: மாநிலம் நியமித்த மேற்பார்வையாளர் ஒருவர் மாவட்டத்தில் இரண்டாண்டுக்கு மேல் இருந்தது, அறங்காவலர்கள் திறந்த கூட்ட விதிகளை மீறியது. வழக்கு, இடைக்காலத் தடை, கொரோனா. 2018-இல் ஹார்வி புயலால் வீட்லிக்கு மதிப்பீடு இல்லை. மதிப்பீடு இல்லாத ஆண்டு வந்தால் தொடர்ச்சி அறுந்துவிடுமா என்பது பெரிய சட்டக் கேள்வியானது. 2021-இல் வந்த செனட் பில் 1365, அறுந்துவிடாது என்று எழுதி அந்த வழியை அடைத்தது. 2023 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. இதற்கிடையே 2022-இல் வீட்லி 'சி' வாங்கிவிட்டது. தண்டனைக்குக் காரணமான பள்ளி தேறிய பிறகே மாவட்டம் கைமாறியது.

ஃபோர்ட் வொர்த்தில் இது இன்னும் கடுமையாக நடந்தது. அங்கே ஓர் ஆறாம் வகுப்புப் பள்ளி தொடர்ந்து ஐந்து முறை தேறவில்லை. ஐந்தாவது முறை என்பது வழக்கில் சிக்கியிருந்த 2023 மதிப்பீட்டில்தான் தெரியவந்தது. அது வெளிவந்தது 2025 ஏப்ரலில். பள்ளியையோ மாவட்டம் 2023-24 கல்வியாண்டின் முடிவிலேயே மூடிவிட்டிருந்தது. மூடியது கணக்கில் எடுபடவில்லை. 2025 அக்டோபரில், சுமார் 70,000 மாணவர்கள் படிக்கும் அந்த மாவட்டத்தைக் கையகப்படுத்துவதாக மொராத் அறிவித்தார்.

கெடுவைத் தள்ளிவைக்க ஒரு வழி இருக்கிறது. 2017-இன் செனட் பில் 1882-படி, தேறாத பள்ளியை ஒரு சாசன அமைப்பிடமோ லாபநோக்கற்ற நிறுவனத்திடமோ நடத்தக் கொடுத்தால் இரண்டு ஆண்டுகளுக்குத் தண்டனை நிற்கும், மாணவருக்கு இவ்வளவு என்று கூடுதல் பணமும் வரும். ஒப்பந்தத்தில் ஆசிரியர் நியமனமும் பணக் கட்டுப்பாடும் உண்மையிலேயே அந்த நிறுவனத்திடம் போக வேண்டும். பெயரளவுக்குக் கொடுத்தால் செல்லாது. ஹூஸ்டன் அறங்காவலர்கள் 2018-இல் இதை யோசித்துவிட்டு, ஊரின் எதிர்ப்பில் கைவிட்டார்கள்.

நியமிக்கப்பட்ட குழுவின் காலம் முதலில் இரண்டு ஆண்டு, ஆணையர் நீட்டிக்கலாம். ஹூஸ்டனில் 2027 ஜூன்வரை நீட்டித்திருக்கிறார். தேர்தல் நிற்பதில்லை. வெற்றி பெற்றவர்கள் அதிகாரமில்லாமல் காத்திருப்பார்கள். காலம் முடிந்ததும் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கினராகத் திரும்பி வருவார்கள், ஆகவே முழு மக்களாட்சி திரும்ப மேலும் சில ஆண்டு பிடிக்கும். நியமனக் கண்காணிப்பாளர் மைக் மைல்ஸின் கீழ் எழுத்துகள் மேலே போயிருக்கின்றன. 2023 மதிப்பீட்டில் டி, எஃப் வாங்கிய பள்ளிகள் நூற்றுக்கும் மேல். 2025-இல் எஃப் ஒன்றுகூட இல்லை. அந்த முன்னேற்றத்தைப் பொய் என்று தள்ள எனக்கு மனமில்லை. அதே காலத்தில் ஆசிரியர்கள் பெருமளவில் விலகினார்கள், பல பள்ளிகளில் நூலகங்கள் வேறு பயன்பாட்டுக்கு மாறின, மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 2024 நவம்பரில் பள்ளிக் கட்டடங்களுக்காக 440 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு மக்களிடம் அனுமதி கேட்டபோது வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். உடனே பலன் தரும் வாக்காக அவர்கள் கையில் மிச்சமிருந்தது அது.

ஹூஸ்டனில் விலக்கும் தண்டனையும் ஒரே இடத்தில் சந்தித்தன. மக்கள் தேர்ந்தெடுத்த அறங்காவலர்கள் இருந்தவரை அது புதுமை மாவட்டம் ஆகவில்லை, இவ்வளவு பெரிய மாவட்டங்களில் அரிதான நிலை. 2023 டிசம்பரில் நியமனக் குழு வாக்களித்து அதை ஆக்கியது. யாருக்கும் தேர்தலில் பதில் சொல்ல வேண்டாத குழு, பொது விதிகளிலிருந்தும் விலகிக்கொண்டது. சட்டத்தின் எழுத்துப்படி அதில் பிழை காண முடியாது.

ஹூஸ்டன், டாலஸ் நகரங்களைச் சுற்றியுள்ள கேட்டி, சுகர் லேண்ட், ஃப்ரிஸ்கோ, பிளேனோ பக்கம் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் வீடு பார்க்கும்போது பள்ளியின் எழுத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த எழுத்தோடு இன்னொரு பக்கத்தையும் திறந்து பார்க்கலாம்: மாவட்ட இணையதளத்தில் புதுமைத் திட்டத்தை வைத்திருக்க வேண்டியது கட்டாயம். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். சான்றிதழ் விலக்கு தொழிற்பாடத்துக்கு மட்டுமா, பிரிவு முழுவதற்குமா? வகுப்பு அளவு விலக்கில் புதிய உச்சவரம்பு ஏதாவது எழுதியிருக்கிறார்களா, வெறுமனே 22-ஐ நீக்கிவிட்டார்களா? பெற்றோர் அறிவிப்பை விலக்கியிருக்கிறார்களா? திட்டத்தின் முதல் பக்கத்தில் ஆயுட்காலம் இருக்கும். 2016-17-இல் முதல் அலையில் சேர்ந்த மாவட்டங்கள் 2021-22-இல் புதுப்பித்தன. அவற்றின் அடுத்த கெடு 2026-27. புதுப்பிக்கும் முன் 30 நாள் இணையத்தில் வைத்து, ஆலோசனைக் குழுவில் மறுபடி வாக்கெடுக்க வேண்டும். அந்தக் குழுவில் பெற்றோருக்கு இடங்கள் உண்டு. காலியாக இருக்கிறதா என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள்.